விட்டு விட்டுக் கேட்கும் ஆபீஸ் போன்: ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பழுதுவேட்டை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் லாரி, கார் உதிரிபாகங்களை மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்று. கீழே கவுண்டர், அதற்குப் பின்னால் கோடவுன். முதல் மாடியில் விற்பனைப் பிரிவு, இரண்டாவது மாடியில் கணக்குப் பிரிவு. எல்லாமாகச் சேர்த்து 14 மேசை போன்கள். பல வருடமாக ஓடிய பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியை (ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச்) கழற்றிவிட்டு கிளவுட் பிபிஎக்ஸுக்கு மாறியிருந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் என்று கடைக்குள் இப்போது எதுவும் கிடையாது. அது மும்பையில் ஒரு சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு போனும் இணையம் வழியாக அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளும். பேச்சும் அதே வழியில்தான் போய் வரும்.

மாறியதிலிருந்து புகார்தான். "வாய்ஸ் பிரேக் ஆகுது" என்ற ஒரே வாக்கியம். இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் ஸ்பீடு டெஸ்ட் போட்டு 200 எம்பிபிஎஸ் வருகிறது என்று காட்டிவிட்டுப் போகிறார்கள். போன் சேவைக்காரர்களோ "எங்க சைடு கிளியரா இருக்கு சார், உங்க நெட்டைப் பாருங்க" என்கிறார்கள். இதற்கு முன்பு வந்து பார்த்த ஒருவர் நெட்வொர்க் ஸ்விட்சில் கியூஓஎஸ் (குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுக்கும் ஏற்பாடு) போட்டுவிட்டதாகச் சொல்லிப் போயிருக்கிறார். எதுவும் மாறவில்லை.

இந்த வியாபாரத்தில் ஆர்டர் பாதிக்கு மேல் வாயால்தான் வருகிறது. விழுப்புரத்திலிருந்து ஒருவர் பிரேக் லைனர் கேட்கிறார். நம் ஆள் எழுதிக்கொண்டு "பதினேழு செட்டா, பதினெட்டா?" என்று திருப்பிக் கேட்கிறார். அந்தப் பக்கம் அது "பதினெ... செட்டா" என்று போய்ச் சேருகிறது. அவரும் பழக்கதோஷத்தில் "ஆமா ஆமா" என்று வைத்துவிடுகிறார். பார்சல் லாரி ஆபீஸ் வரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் இங்கே சண்டை.

"வாய்ஸ் பிரேக் ஆகுது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. காய்ச்சல் என்று சொல்வது மாதிரிதான் அது. யாருக்குக் கேட்கவில்லை, எந்த போனில், எத்தனை மணிக்கு, எப்படிப்பட்ட சத்தம் என்ற நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரிசப்ஷனில் இருந்த அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தேன். சாஃப்ட்வேரில் எடுக்கும் எந்த அறிக்கையையும்விட இந்த நோட்டுதான் எனக்கு முதலில் வேண்டும். போனில் பேசுகிறவருக்குத்தான் எது கெட்டுப்போகிறது என்று தெரியும்.

நோட்டில் வந்தவை இப்படி இருந்தன: "1.40, ரிசப்ஷன், அவங்களுக்குக் கேக்கல, நமக்கு நல்லா கேக்குது." "1.55, சேல்ஸ் 2, அதே." "2.10, சேல்ஸ் 4, அவங்க ஹலோ ஹலோன்னு கத்துறாங்க." "கோடவுன், எப்பவும், ரெண்டு பக்கமும் கரகர." "மழை பேஞ்ச அன்னைக்கு, சேல்ஸ் 1, வந்த கால் அரை நிமிஷத்துல கட்." சனிக்கிழமை முழுக்க வரிசையாகப் புகார். சில நாட்களில் காலையில் ஒன்றுகூட இல்லை.

படித்ததுமே இது ஒரு பழுது அல்ல, குறைந்தது மூன்று என்று தெரிந்துவிட்டது. மதிய நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கேட்காமல் போவது ஒன்று. கோடவுன் போனில் எப்போதும் இருக்கும் கரகரப்பு இன்னொன்று. அரை நிமிடத்தில் துண்டிக்கப்படுவது மூன்றாவது. எல்லோரும் மூன்றுக்கும் சேர்த்து "பிரேக் ஆகுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் எதைச் சரிசெய்தாலும் "இன்னும் சரியாகல" என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

முதலாவதிலிருந்து தொடங்கினேன். நமக்கு அவர்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, நம் குரல்தான் அவர்களுக்குப் போகவில்லை என்றால் பார்க்க வேண்டியது அப்லோடு பக்கம். ஐபி போனில் இரண்டு திசையும் தனித்தனி ஆர்டிபி ஓட்டங்கள் (ஆர்டிபி என்பது குரலைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் முறை). ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாக இருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

வேகம் போதவில்லையா என்ற சந்தேகத்தைக் கணக்கு போட்டே தீர்த்துவிடலாம். இந்தியாவில் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் பயன்படுத்துவது ஜி.711 என்ற, குரலை டிஜிட்டலாக்கும் முறையின் ஏ-லா வகை. அதில் குரல் மட்டும் 64 கேபிபிஎஸ். 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது விநாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதன் மேல் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட். ஈதர்நெட்டின் 18 பைட்டையும் சேர்த்தால் ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ். 14 பேரும் ஒரே நேரத்தில் பேசினால்கூட 1.3 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. இவர்கள் எடுத்திருந்த திட்டத்தில் டவுன்லோடு 200, அப்லோடு 20. எல்லோரும் 200-ஐப் பார்த்தார்களே தவிர, அந்த 20-ஐ யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் 20 கூடப் பேச்சுக்கு ஏராளம்தான். அப்படியானால் அந்த 20-ஐ வேறு ஏதோ நிரப்புகிறது.

இதைப் பிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். லேப்டாப்பை ஸ்விட்சில் கேபிள் வழியாகச் சொருகி (வைஃபையில் இல்லை, அது தன் பங்குக்குக் குழப்பும்) மூன்று ஜன்னல்களில் பிங் (ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டேன். ஒன்று கடையின் ரூட்டருக்கு. இரண்டாவது, கடையைத் தாண்டியதும் வரும், இணைப்பு நிறுவனத்தின் முதல் கேட்வேக்கு. மூன்றாவது மும்பையில் இருக்கும் போன் சர்வருக்கு. காலையில் ரூட்டர் 1 மில்லிவிநாடிக்குள், கேட்வே 4, மும்பை 26. சென்னைக்கும் மும்பைக்கும் சாலைவழி சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிவிநாடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும் என்பதால், போய்வர 13 மில்லிவிநாடிக்குக் குறைந்து வரவே வராது. 26 என்பது நல்ல எண். ஃபைபர் லைன் வந்து முடியும் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஒளி அளவு மைனஸ் 19 டிபிஎம் காட்டியது. மைனஸ் 27-ஐ நெருங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஆக லைனில் குறையில்லை.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி தாண்டியதும் எண்கள் ஏற ஆரம்பித்தன. ரூட்டர் அப்படியே 1. கேட்வே 60, 180, 410. மும்பை 430. ரூட்டர் வரை சுத்தம், அடுத்த படியிலேயே 400 மில்லிவிநாடி கூடிவிட்டது. நெரிசல் கடையின் வாசலில்தான் இருக்கிறது, மும்பை வரை தேடிப் போக வேண்டியதில்லை.

ஏன் சரியாக 400? ஃபைபர் பெட்டிகள் பாக்கெட்டைத் தொலைத்துவிடக் கூடாதென்று பெரிய வரிசை வைத்திருக்கும். ஒரு எம்பி அளவுக்கு வரிசை நிரம்பியிருந்தால் அது 80 லட்சம் பிட். 20 எம்பிபிஎஸ்ஸில் அது வடிய 0.4 விநாடி. குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ஒருவர் பேசி அடுத்தவர் காதில் விழ ஒரு திசையில் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. இங்கே வாசலிலேயே 400 போய்விட்டால் பேச்சு எப்படி உருப்படும்? இதற்கு வலையமைப்புக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பஃபர்புளோட். பாக்கெட் ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் போய்ச் சேருகிறது. ஆனால் தாமதமாகச் சேருகிறது. தாமதமாக வந்த குரலை எதிர்முனையின் ஜிட்டர் பஃபர் (முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்தி ஒழுங்காக்கும் இடம்) எடுத்துக்கொள்ளாமல் தூக்கிப் போட்டுவிடும். கேட்பவருக்கு அது தொலைந்ததுதான்.

போன் சேவையின் இணையப் பக்கத்தில் இதே நேரத்துக் கால்களுக்கு "ஜிட்டர் 9 மில்லிவிநாடி, தரம் நன்று" என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது. அவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. ஆர்டிபிக்கான 2003-ஆம் ஆண்டு விதியான ஆர்எஃப்சி 3550 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளின் ஆவண வரிசை), ஜிட்டரை, அதாவது பாக்கெட் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கத்தை, கணக்கிடும்போது ஒவ்வொரு புது வித்தியாசத்திலும் 16-இல் ஒரு பங்கை மட்டுமே சேர்க்கச் சொல்கிறது. நடுவில் ஒரு பெரிய தடங்கல் வந்தாலும் எண் கொஞ்சம் ஏறி, அடுத்த சில நொடிகளில் இறங்கிவிடும். கால் முழுக்கச் சராசரி எடுத்தால் சுத்தமாக மறைந்தே போகும். நான் கடையில் ரிசப்ஷன் போனின் போர்ட்டை மிரர் செய்து (அதில் போவதை லேப்டாப்புக்கும் ஒரு நகல் அனுப்பவைத்து), வயர்ஷார்க் என்ற பாக்கெட் அலசும் சாஃப்ட்வேரில் பார்த்தபோதும் நம் குரல் 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாக அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது நெரிசலுக்கு முந்தைய இடம், அங்கே பார்த்து என்ன கிடைக்கும்? சேவைக்காரர்களிடம் கெஞ்சி அவர்கள் சர்வரில் வந்து சேர்ந்த அதே காலின் பாக்கெட் பதிவை வாங்கினேன். வயர்ஷார்க்கின் ஆர்டிபி அலசலில் சராசரியைப் பார்க்காமல் அதிகபட்ச இடைவெளி என்ற கட்டத்தைப் பார்த்தால் 380. அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஒன்றும் வராமல், அப்புறம் கொத்தாகப் பதினெட்டு, இருபது பாக்கெட்டுகள் ஒரே நேரத்தில். "பதினெ... செட்டா" அங்கேதான் உருவாகிறது.

சரி, அந்த 20-ஐ நிரப்புவது யார்? ரூட்டரில் எந்த முகவரி எவ்வளவு அனுப்புகிறது என்று பார்க்கும் பக்கம் இருந்தது. டேலி பேக்கப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். இல்லை. முதல் இடத்தில் நின்றது கேமரா பதிவுப் பெட்டி, 19 எம்பிபிஎஸ்.

16 கேமராக்களைச் சேமிக்கும் என்விஆர் அது. கடைக்குள்ளேயே பதிவு செய்யும்வரை இணையத்தைத் தொடாது. யாராவது வெளியிலிருந்து மொபைலில் பார்த்தால்தான் அப்லோடு ஓடும். யார் பார்க்கிறார்கள் என்று கேட்டதும் ரிசப்ஷன் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சார் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்காருல்ல."

முதலாளி மதியம் ஒன்றரைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சாப்பிட்டபடியே கவுண்டரையும் கோடவுனையும் மொபைலில் பார்ப்பார். சனிக்கிழமை கடைக்கே வருவதில்லை, வீட்டிலிருந்தே மேற்பார்வை. அவர் கடையில் இருக்கும் நேரமெல்லாம் போன் நன்றாக இருக்கும். இல்லாத நேரமெல்லாம் கெடும். அதனால்தான் "நான் இருக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லையே, நீங்கதான் சும்மா புகார் சொல்றீங்க" என்று அவர் ஊழியர்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்னதும் உண்மை, இவர்கள் சொன்னதும் உண்மை.

கேமரா பொருத்தியவர் "படம் மங்கலா இருக்கு" என்று முதலாளி சொன்னதால் ஆறு கட்டம் ஒன்றாகப் பார்க்கும்போதும் மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தரப் படம்) வரும்படி வைத்திருந்தார். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ், ஆறுக்கு 24. வாசல் 20. மொபைல் திரையில் தீப்பெட்டி அளவில் தெரியும் கட்டத்துக்கு அவ்வளவு தரம் தேவையே இல்லை. கட்டங்களாகப் பார்க்கும்போது 512 கேபிபிஎஸ் சப் ஸ்ட்ரீம் (தரம் குறைத்த படம்), ஒரு கேமராவைத் தொட்டு முழுத்திரையில் பார்த்தால் மட்டும் மெயின் ஸ்ட்ரீம் என்று மாற்றினேன். 24 எம்பிபிஎஸ் 3 ஆனது.

இதோடு விட்டிருந்தால் மறுநாள் கணக்குப் பிரிவின் பேக்கப்போ, யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் பெரிய வீடியோவோ அதே வேலையைச் செய்யும். ஒருவரைக் கண்டுபிடித்து அடக்குவது வேறு, வாசலில் ஒழுங்கு வைப்பது வேறு.

முன்பு வந்தவர் போட்ட கியூஓஎஸ் ஏன் பலிக்கவில்லை என்பதும் இங்கேதான் புரியும். போன்கள் தங்கள் குரல் பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 என்ற முத்திரையைப் போட்டுத்தான் அனுப்புகின்றன. ஸ்விட்ச் அதை மதித்து முன்னால் விடுகிறது. ஆனால் ஸ்விட்சில் நெரிசலே இல்லை, அது ஜிகாபிட். ரூட்டரிலும் இல்லை, ரூட்டரிலிருந்து ஃபைபர் பெட்டிக்குப் போகும் கேபிளும் ஜிகாபிட்தான். வரிசை உருவாவது ஃபைபர் பெட்டிக்குள். அந்தப் பெட்டி முத்திரையைப் பார்க்காது, வந்த வரிசையில் அனுப்பும். வெளி இணையத்திலும் அந்த முத்திரைக்குப் பொதுவாக மதிப்பில்லை. நெரிசல் இல்லாத இடத்தில் முன்னுரிமை கொடுத்து என்ன பயன்?

ஆகவே வரிசையை நம் கைக்குள் கொண்டுவர வேண்டும். லைன் 20 என்றால் ரூட்டரே 18-க்கு மேல் விடக்கூடாது. அப்போது ஃபைபர் பெட்டியின் வரிசை நிரம்பவே நிரம்பாது. நிரம்பினால் ரூட்டரில் நிரம்பும். ரூட்டரில் யாரை முன்னால் விடுவது என்று நாம் சொல்லலாம். இணைப்புக்காரர்கள் கொடுத்த ரூட்டரில் இந்த வசதி இல்லாததால், ரிச்சி ஸ்ட்ரீட் வரை நடந்துபோய் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த சாஃப்ட்வேரை ஏற்றக்கூடிய சின்ன ரூட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அதில் கேக் என்ற வரிசை முறையை அப்லோடுக்கு 18 என்று போட்டேன். கேக் இல்லாத ரூட்டராக இருந்தால் எஃப்கியூ-கோடெல் போதும். 2018-இல் ஆர்எஃப்சி 8290 ஆக வந்தது அது. இவை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை வைத்து மாற்றி மாற்றி விடுவதால், விநாடிக்கு 50 சின்னப் பாக்கெட் மட்டும் அனுப்பும் போன் கேமராவின் பின்னால் நிற்க வேண்டியிருக்காது. 10 சதவீத வேகத்தை விட்டுக்கொடுக்கிறோமே என்று முதலாளிக்கு வருத்தம்தான். "காசு கொடுக்கிறது 20-க்கு, நீ ஏன்பா 18 வைக்கிறே?" என்றார். பதிலாக, கேமராவை வேண்டுமென்றே மெயின் ஸ்ட்ரீமுக்கு மாற்றி ஆறு கட்டத்தையும் அவர் மொபைலிலேயே டேட்டாவில் ஓடவிட்டு, பிங் ஜன்னலைக் காட்டினேன். மும்பை 38-ஐத் தாண்டவில்லை. ரிசப்ஷனிலிருந்து அவருடைய இன்னொரு நம்பருக்குப் போன் போட்டுப் பேசவும் வைத்தேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

கையோடு ஒரு சின்ன மாற்றமும் செய்தேன். சேவைக்காரர்கள் போன்களில் குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 முறையை முதலில் வைத்திருந்தார்கள். ஈதர்நெட் தலைப்போடு காலுக்கு 31 கேபிபிஎஸ்தான் ஆகும், மிச்சம்தான். ஆனால் அந்தக் குரல் மொபைல் வலைக்குப் போகும்போது இன்னொரு முறை பிரித்துச் சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் போகிறது. ஹோல்டில் போட்டால் வரும் நாதஸ்வரம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. 64 கேபிபிஎஸ் லைனுக்கே அல்லாடிய காலத்தில் ஜி.729 தேவைப்பட்டது, 20 எம்பிபிஎஸ் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. ஏ-லாவை முதலில் வைத்தேன்.

அடுத்தது கோடவுன். அங்கிருக்கும் பெரியவர் நான் போனதுமே பிடித்துக்கொண்டார்: "தம்பி, மேல எல்லாம் சரியாயிடுச்சுன்றாங்க. எனக்கு அப்படியேதான் இருக்கு."

இருக்கத்தான் செய்யும். எல்லா நேரமும், இரண்டு திசையிலும் கெட்டிருக்கும் ஒரே ஒரு இடம் என்றால் இணையத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்த இடத்துக்கும் மற்ற இடங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் போதும். லேப்டாப்பை கோடவுனில் சொருகி ரூட்டருக்கு பிங் விட்டேன். மற்ற இடங்களில் 1 மில்லிவிநாடிக்குள் ஒன்றுகூட விடாமல் வந்தது, இங்கே நூற்றுக்கு நான்கைந்து திரும்பி வரவில்லை. முதல் மாடி ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில் அந்த போர்ட்டை மட்டும் பார்த்தால் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற போர்ட்டெல்லாம் ஜிகாபிட், இது 100-இல் நின்றது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். இரண்டு ஜோடி மட்டும் உயிரோடு இருந்தால் 100-தான் கிடைக்கும்.

"ஆனா பில்லிங் கம்ப்யூட்டர் இதே லைன்லதானே ஓடுது? அதுல ஒரு குறையும் இல்லையே" என்றார் பெரியவர். நியாயமான கேள்வி. பில்லிங் டிசிபியில் ஓடுகிறது. ஒரு பாக்கெட் கெட்டால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பில் வர அரை நொடி கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? குரல் யுடிபியில் போகிறது. போனது போனதுதான். திரும்ப வாங்கினாலும் அந்த எழுத்தைச் சொல்ல வேண்டிய நேரம் தாண்டியிருக்கும். போனில் தொலைந்த இடத்தை முந்தைய ஒலியை வைத்துப் பூசிமெழுகும் வசதி உண்டு, அங்கொன்று இங்கொன்று போனால் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து மூன்று நான்கு போனால் அதுவும் கைவிட்டுவிடும், அதுதான் கரகர.

கேபிளைத் தொடர்ந்து போனேன். முதல் மாடியிலிருந்து கேசிங்கில் இறங்கி, ஏசி வெளிப்பெட்டிக்குக் கீழே சுவரைத் துளைத்து, ஷட்டர் மோட்டாரின் கரண்ட் வயரோடு ஒட்டிக்கொண்டே கோடவுனுக்குள் நுழைகிறது. ஏசி தண்ணீர் சொட்டி அந்தச் சுவர் பாசி பிடித்திருந்தது. கேசிங் மூடியைக் கழற்றியதும் உள்ளே ஒரு முடிச்சு. நீளம் போதவில்லை என்று யாரோ இரண்டு கேபிளை முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் பிசுபிசுவென்று கறுப்பு. உள்ளே ஜோடிகளின் முறுக்கை நாலு விரல் நீளத்துக்குப் பிரித்துப் போட்டு, நிறத்துக்கு நிறம் முடிந்திருந்தது. பிரவுன் ஜோடி அறுந்து கையோடு வந்துவிட்டது. நீல ஜோடியின் நுனியில் வெள்ளைப் பொடி. செம்பாக இருந்தால் பச்சை பூத்திருக்கும்; வெள்ளை என்றதும் சந்தேகம் வந்தது. பிளேடால் கம்பியைச் சுரண்டினேன். மேலே மெல்லிசாகச் செம்பு நிறம், கீழே வெள்ளி நிறம். செம்பு முலாம் பூசிய அலுமினியம், சிசிஏ என்பார்கள். இரண்டு முறை மடக்கினால் ஒடிந்துவிடும். ஈரமும் கடற்காற்றும் சேர்ந்த ஊரில் அலுமினியத்தை முறுக்கி முடிச்சுப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

ஈதர்நெட் கேபிளின் முறுக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜோடியின் இரண்டு கம்பியிலும் எதிரெதிர் சிக்னல் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, கழித்துப் பார்க்கும்போது இல்லாமல் போகிறது. முறுக்கைப் பிரித்த நாலு விரல் தூரத்தில் அந்தக் காப்பு கிடையாது. பக்கத்திலேயே ஷட்டர் மோட்டார் வேறு. ஷட்டர் ஏறி இறங்கும்போது பிழை எண் எகிறுவதை ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில் நேரிலேயே பார்க்க முடிந்தது.

முழுச் செம்பு கேட்6 புதிதாக இழுத்தேன். வாங்கும்போதே ஒரு நுனியைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்; ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர்கள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. வழியை மாற்றி ஏசிக்கு மறுபக்கமாக, கரண்ட் வயரிலிருந்து ஒரு அடி தள்ளி, தனிக் குழாயில், நடுவில் எங்கும் ஒட்டு இல்லாமல். மொத்தம் 60 மீட்டருக்குள் அடங்கியது, 100 மீட்டர்தான் எல்லை. போர்ட் ஜிகாபிட் பிடித்தது, பிழை பூஜ்யம். பெரியவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, வேலை விஷயம் எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு வைத்தார். சோதனை என்றால் அதுதான்.

அந்தப் போனில் எதிரொலி என்று ஒரு குறையும் சொன்னார், தன் குரலே தனக்குத் திரும்பி வருகிறதாம். நம் குரல் நமக்கே திரும்பி வந்தால் பழுது பெரும்பாலும் எதிர்முனையில்தான்: அங்கே ஸ்பீக்கரில் வருவது மைக்கில் ஏறித் திரும்புகிறது. யாரோடு பேசும்போது என்று கேட்டால், எப்போதும் அதே அம்பத்தூர் ஒர்க்ஷாப். அவர் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துப் பேசுகிறவர். அதை நான் எப்படிச் சரிசெய்வது?

மூன்றாவது, அரை நிமிடத்தில் துண்டிக்கப்படுவது. நோட்டைப் பார்த்தால் மழை நாட்களில் மட்டும், வந்த கால்களில் மட்டும். வெளியே போகும் கால்கள் தப்பித்துவிடுகின்றன. மழைக்கும் இதற்கும் என்ன? இந்தப் பகுதியில் ஃபைபர் தெருக்கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வருகிறது. காற்று மழையில் ஏதாவது ஒன்று அறுந்தால் முதல் லைன் போய்விடும். அப்போது கடை இரண்டாவது லைனுக்குத் தானாக மாறுகிறது. அந்த லைனுக்கு வேறொரு ரூட்டர். ஆக மழை குற்றவாளி இல்லை, இரண்டாவது ரூட்டர்தான்.

முதல் ஃபைபரைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து கால் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். 32-ஆவது விநாடியில் கட். இன்னொரு முறையும் 32. இந்த 32 என்பது ஐபி போன் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய எண். கால்களை இணைக்கவும் துண்டிக்கவும் ஐபி போன்கள் பயன்படுத்தும் சிப் (SIP) நெறிமுறையில், 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261-இன்படி, போனை எடுத்ததும் "எடுத்துவிட்டேன்" என்று ஒரு செய்தி போகும். "சரி, தெரிந்துகொண்டேன்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பி, அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி காத்திருந்துவிட்டு, எதிரே ஆள் இல்லை என்று முடிவுகட்டி வைத்துவிடும். பேச்சு தனி வழியில் போவதால் அதுவரை நன்றாகவே கேட்கும்.

அந்தப் பதில் எங்கே தொலைகிறது? ரூட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி. சிப் செய்திக்குள் எழுதியிருக்கும் உள் முகவரிகளை வெளி முகவரியாகத் திருத்தி உதவுவதாக நினைத்துச் செய்யப்பட்டது. இன்றைய கிளவுட் சேவைகளுக்கு அந்த உதவி தேவையில்லை, இந்த உள்-வெளி முகவரி மாற்றத்தை (நாட் என்பார்கள்) அவர்களே சமாளித்துக்கொள்கிறார்கள். ரூட்டர் நடுவில் புகுந்து அரைகுறையாகத் திருத்துவதால் பதில் தவறான முகவரிக்குப் போகிறது. ஐபி போன் போடுகிற இடத்தில் நான் முதலில் அணைப்பது இதைத்தான். புது ரூட்டரில் அணைத்தாயிற்று. இரண்டாவது லைனின் ரூட்டர் அந்த நிறுவனத்துடையது. அணைக்கும் பொத்தானையே மறைத்து வைத்திருந்தார்கள். கேட்டால் "கஸ்டமருக்கு அந்த ஆக்ஸஸ் கிடையாது."

அணைக்க முடியாவிட்டால் அதன் கண்ணைக் கட்டலாம். ஏஎல்ஜி பார்ப்பது 5060 போர்ட்டில் திறந்து போகும் சிப் செய்தியை. போன்களை டிஎல்எஸ் என்ற மறையாக்க முறைக்கு மாற்றி 5061-இல் பதிவு செய்ய வைத்தால் செய்தி பூட்டியே போகும், ரூட்டரால் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. சேவைக்காரர்களிடம் அந்த வசதி இருந்தது, கூடுதல் கட்டணமில்லை. 14 போனிலும் மாற்றினேன். இரண்டு பழைய போன்களின் சாஃப்ட்வேர் சர்வரின் சான்றிதழை ஏற்க மறுத்தது; அப்டேட் போட்ட பிறகு ஏற்றுக்கொண்டது.

லைன் மாறும்போது இன்னொரு தொல்லையும் இருந்தது. வெளி முகவரி மாறிவிட்டது என்று போன்களுக்குத் தெரியாது; அடுத்த முறை பதிவு புதுப்பிக்கும்வரை வரும் கால்கள் பழைய முகவரிக்கே போய் விழும். புதுப்பிக்கும் இடைவெளி 3600 விநாடி என்று இருந்தது, அதாவது ஒரு மணி நேரம் கடை செவிடு. அதை 120 ஆக்கினேன்.

கடை மூடும் நேரத்தில் முதல் ஃபைபரை மறுபடி பிடுங்கினேன். இரண்டு நிமிடத்துக்குள் எல்லா போனிலும் பச்சை விளக்கு. வெளியிலிருந்து கால் வந்தது. 32 தாண்டியது, ஒரு நிமிடம் தாண்டியது, அக்கா பேசிக்கொண்டே இருந்தார். விழுப்புரத்துக்காரர்தான், திரும்பி வந்த அந்த லைனர் பார்சலைப் பற்றி இன்னும் விடவில்லை.